நரிக்குக் குருணை விஷம் வைக்கலாமா? பத்து நாளில் மூன்று குட்டி போச்சு

கண்மாய்க்கரை:
கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். பத்து நாளில் மூன்று வெள்ளாட்டுக் குட்டிகளை நரி தூக்கிவிட்டது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, பகலிலேயே ஆள் நுழைய முடியாது, அங்கேயிருந்துதான் வருகிறது. மாமா ஒரு பொட்டலம் குருணை மருந்தை (வயலுக்குப் போடுகிற பூச்சிக்கொல்லி) கையில் கொடுத்து, கோழிக்குடலில் பிசைந்து கரையில் வைத்துவிடு, ரெண்டே நாளில் சத்தம் அடங்கிவிடும் என்கிறார். அமெரிக்காவில் அரசாங்கமே பொது நிலத்தில் சயனைடு வைத்தது, 2023-ல் தடை செய்தது என்று படித்தேன். அரசாங்கமே செய்ததை நான் செய்தால் என்ன தப்பு?

கடல்தாண்டி:
அண்ணே, நான் காரைக்குடிதான், இப்போது இருப்பது அமெரிக்காவில். நீங்கள் படித்தது எம்-44. ஒரு குழாயை மண்ணில் நட்டு, தலையில் நாற்றமடிக்கும் இரையைத் தடவிவிடுவார்கள். கயோட்டி (நம்ம நரிக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்) கடித்து இழுத்தால் ஸ்பிரிங் தெறித்து சோடியம் சயனைடு தூள் வாய்க்குள் பாயும். பொது நிலத்தில் இந்த மாதிரி விஷங்களை 1972-ல் அதிபர் நிக்சன் நிறுத்தினார், 1975-ல் அடுத்த அதிபர் ஃபோர்டு சயனைடுக்கு மறுபடி அனுமதி கொடுத்தார். 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலம் போகடெல்லோவில், வீட்டை ஒட்டிய குன்றில் நாயோடு நடந்துபோன 14 வயதுப் பையன், ஏதோ தண்ணீர் தெளிக்கிற குழாய் என்று நினைத்துத் தொட்டுவிட்டான். அவன் பிழைத்தான், நாய் கண்ணெதிரே துடித்துச் செத்தது. 2023 நவம்பரில்தான் அங்கே நில மேலாண்மைத் துறை தன் பொறுப்பிலுள்ள 24.5 கோடி ஏக்கரிலும் அதைத் தடை செய்தது. தனியார் நிலத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

கொல்லைக்காடு:
அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் பக்கத்துக் கொல்லையில் ஒருத்தர் இப்படித்தான் வைத்தார். விடிந்து பார்த்தால் வரப்போரம் மூன்று மயில், நாலு காக்கை, எங்கள் நாய் கருப்பன் வாயில் நுரையோடு வைக்கோல்போருக்கு அடியில். நரி அன்றைக்கு ராத்திரியும் ஊளையிட்டது! நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்கள், நாம் கண்மாய்க்கரையில் விஷம் வைக்கிறோம். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே 1972-தான், அதில் விஷம் வைப்பதும் வேட்டைக் கணக்கு, வைக்க முயன்றாலே வழக்குதான். மயில் செத்தால் மாமாவா வந்து ஜாமீன் எடுப்பார்?

பட்டிக்காவல்:
தம்பி, குட்டி ராத்திரி எங்கே படுக்கிறது, அதை முதலில் சொல்லு. திறந்த திண்ணையோரம் கட்டினால் நரி வரத்தான் செய்யும். குட்டிகளைத் தனியாகக் கூண்டில் அடை. வலை அடித்தால் அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கு, இல்லாவிட்டால் பறித்துக்கொண்டு வந்துவிடும். செத்த கோழி, ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடி எதையும் கரையில் வீசாதே, புதைத்துவிடு. நீங்களே விருந்து வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் நரியைத் திட்டுகிறீர்கள். ரெண்டு நாய் பட்டியிலேயே வளரட்டும். குருணை வைத்தால் முதலில் போவது அந்த நாய்தான்.

கண்மாய்க்கரை:
திண்ணையோரம்தான் ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நஞ்சுக்கொடியைக் கரையில் வீசுவதும் நாங்கள்தான். பொட்டலத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு குட்டிக்குக் கூண்டு எவ்வளவு அகலம் வேண்டும்?