கேம் பாய் ரோமின் கடைசியில் அசெம்பிளி வரிகள் கிடக்கின்றன, என்ன இது?

பரண்பெட்டி:
பழைய ஜப்பானிய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் ஒன்று கைக்கு வந்தது. மீன்பிடி விளையாட்டு, அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதன் ரோமை, அதாவது விளையாட்டு பதிந்திருக்கும் சிப்பை, டம்ப் எடுத்து (அப்படியே கோப்பாக நகலெடுத்து) பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன், மொத்தம் 256 கிலோபைட். முக்கால்வாசி வரை புரோகிராம் கோடும் படங்களும்தான். மீதி முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் என்று வெற்று நிரப்பலாக ஓடும் என்று பார்த்தால், கடைசி இரண்டு பேங்கில் (ரோம் பிரிக்கப்பட்டிருக்கும் துண்டுகளில்) எல்டி, ஜேபி, கால் என்று அசெம்பிளி மொழியின் சோர்ஸ் வரிகளே எழுத்தாகக் கிடக்கின்றன. கம்பைல் ஆன கோடு இல்லை, யாரோ உட்கார்ந்து டைப் செய்த வரிகள், பாதியில் அறுந்து, நடுவே கோப்புப் பட்டியல் போல ஒரு துண்டு, அப்புறம் படிக்க முடியாத கிறுக்கல். யாராவது வேண்டுமென்றே ஒளித்து வைத்ததா, இல்லை டம்ப் கெட்டுவிட்டதா?

சோல்டர்சாமி:
முதலில் டம்ப்பைச் சரிபாருங்கள். ஹெடரின் (ரோமின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதியின்) கடைசி இரண்டு பைட், அதாவது 334, 335ஆம் இடங்களில், ரோம் முழுவதற்குமான செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், இருக்கும். அந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா பைட்டையும் கூட்டினால் வரும் 16 பிட் எண் அது. கேம் பாய் இதைப் பார்ப்பதே இல்லை (ஹெடருக்கென்று தனியாக உள்ள ஒரு பைட் செக்சமைத்தான் பார்க்கும்), ஆனால் நமக்கு உதவும். கூட்டலில் அந்தக் கடைசி பேங்குகளும் சேரும், அதனால் எண் பொருந்தினால் இந்தக் குப்பை தொழிற்சாலைக்குப் போகும் முன்பே உள்ளே இருந்தது என்று அர்த்தம். பொருந்தாவிட்டால் பின்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். என்றாலும் கெட்ட டம்ப் பிட்டுகளைப் புரட்டும், இல்லை ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் காட்டும், உட்கார்ந்து அசெம்பிளி எழுதாது.

மியூவேட்டை:
எனக்கென்னவோ ரகசியச் செய்தி மாதிரிதான் தெரிகிறது. போக்கிமான் ரெட், கிரீன் விளையாட்டுகளில் மியூ என்ற போக்கிமானை அப்படித்தானே கடைசி நேரத்தில் நுழைத்தார்கள்?

பேங்க்13:
மியூ கதை வேறு. பிழை தேட வைத்திருந்த டீபக் பகுதிகளை நீக்கியதும் 300 பைட் அளவுக்கு இடம் கிடைத்தது, அதில் புரோகிராமர் மொரிமோட்டோ தெரிந்தே மியூவை வைத்தார். அதே விளையாட்டில் தலைகாட்டும் மிஸ்ஸிங்நோ என்ற போலிப் போக்கிமானும் வேறு: அங்கே 190 இடம் கொண்ட பட்டியலில் 151தான் உண்மையான போக்கிமான், மற்ற 39 வெற்றிடம், ஆனால் விளையாட்டு அந்தப் பட்டியலை நிஜமாகவே படிப்பதால் அவை திரையில் எட்டிப்பார்க்கின்றன. இங்கே இருப்பது யாரும் படிக்காத இடம்.

ரோம் சிப்புகள் 64, 128, 256 கிலோபைட் என்று இரட்டிப்பாகத்தான் வரும். உங்கள் விளையாட்டு 200 சொச்சம்தான் என்றாலும் 256 சிப்தான் வேண்டும், மீதியை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். ஒழுங்கான டூல் எஃப்எஃப் அல்லது பூஜ்யம் போடும். ஆனால் பழைய டாஸ் இயங்குதளத்தில், ஒரு புரோகிராம் கோப்பின் முடிவைத் தாண்டி வெகுதூரம் போய் ஒரு பைட் எழுதினால், இடையில் உள்ள டிஸ்க் இடத்தை டாஸ் அப்படியே ஒதுக்கிக் கொடுத்துவிடும், துடைக்காது. ஒரு கோப்பை அழித்தாலும் அதன் பெயரின் முதல் எழுத்து மாறி, இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர உள்ளே இருந்தது அங்கேயே இருக்கும். ஆக, முன்பு அழித்த சோர்ஸ் கோப்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் புது ரோம் கோப்பு உட்கார்ந்தால் பழையதும் சேர்ந்து தொழிற்சாலைக்குப் போகும் மாஸ்டர் பிரதிக்குப் போய்விடும். லிங்கர் (கோடுத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டூல்) தன் பஃபரை, அதாவது தற்காலிக நினைவிடத்தை, துடைக்காமல் எழுதினாலும் இதே கதிதான், அப்போது ரேமில் கிடந்தது வரும். வரிகள் பாதியில் அறுந்திருப்பதும் கோப்புப் பட்டியல் துண்டு நடுவில் வருவதும் இதனால்தான். ரகசியம் வைக்கிறவன் இப்படிக் கிழித்தா வைப்பான்?

பரண்பெட்டி:
செக்சம் பொருந்துகிறது! எமுலேட்டரில் அந்த இரண்டு பேங்குக்கும் ரீட் பிரேக்பாயிண்ட் (அந்த இடத்தைப் படித்தாலே விளையாட்டை நிறுத்தும் குறி) வைத்து முதல் கட்டம் முழுக்க ஆடினேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. சரி, அந்தக் கிறுக்கலை என்ன செய்வது?

பேங்க்13:
ஒரு கட்டம் போதாது. பரிசுத் திரை, கடைசி கிரெடிட்ஸ் வரை ஓட்டுங்கள், அங்கே மட்டும் திறக்கும் பேங்குகள் உண்டு.

கிறுக்கலுக்கு, எடிட்டரின் எழுத்துக் குறியீட்டை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய முறைக்கு மாற்றுங்கள். அக்கால ஜப்பானில் பிசி-98 மாதிரி கணினிகளில் அதுதான் ஓடியது, புரோகிராமர் எழுதிய கமென்ட்டுகள் பெரும்பாலும் அப்படியே வாசிக்க வரும். அப்போதும் புரியாத பகுதி இருந்தால் பைட்டுகளைப் படமாகக் காட்டும் டைல் வியூவரில் போடுங்கள், 16 பைட்டுக்கு ஒரு 8க்கு 8 புள்ளிப் படத்துண்டு. விளையாட்டின் முந்தைய பில்டில் (உருவாக்கப் பதிப்பில்) இருந்து நீக்கிய படம் ஏதாவது சிக்கலாம். எனக்கு இதில்தான் ஆசை, சோர்ஸ் வரியைவிட விளையாட்டில் வராமல் போன ஒரு மீனைப் பார்ப்பதில்தான் சுவை.

சோல்டர்சாமி:
விளையாட்டுகளுக்குள் பயன்படாமல் கிடப்பவற்றைத் தொகுக்கும் த கட்டிங் ரூம் ஃப்ளோர் விக்கியில் இந்த விளையாட்டுக்குப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே தொடங்கலாம். ரோமை இங்கே ஏற்ற வேண்டாம், துண்டையும் அது இருக்கும் இடத்தின் எண்ணையும் போட்டாலே போதும். கோப்புப் பட்டியலில் யாருடைய பெயராவது ஃபோல்டராக வந்தால் அதை மறைத்துவிட்டுப் போடுங்கள், அந்த ஆள் இதை நமக்குக் காட்ட நினைத்து எழுதவில்லை.