குயில்ட்டில் பூவேலை: சுருங்கும் கட்டங்களுக்கு என்ன வழி?

அனைவருக்கும் வணக்கம். மேல் துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைக்கும் குயில்ட் ஒன்றின் நடுக்கட்டங்களில் சங்கிலித் தையலும் பிரெஞ்சு முடிச்சும் (நூலை ஊசியில் சுற்றிப் போடும் புள்ளி போன்ற சிறு முடிச்சு) போட்டு வருகிறேன். மேல் துணியில் மட்டும் பூவேலையை முதலில் முடித்துவிட்டால் பின்பக்க நூல்கள் உள்ளே மறைந்துவிடும் என்பது சரிதான். ஆனால் பூவேலை வளையத்தில் இழுத்துப் பிடித்துத் தைத்த கட்டம் சற்றே சுருங்கி, பக்கத்துக் கட்டத்தோடு ஓரம் பொருந்தாமல் நிற்கிறது. துணியைப் பெரிதாக வெட்டி, பூவேலை முடிந்தபின் அளவுக்கு நறுக்குவதென்றால் ஓரத்தில் எவ்வளவு கூடுதலாக விட வேண்டும்?

ஆறிழை நூலில் இரண்டிழை பிரித்துப் போடும் முடிச்சு, தளர்ந்த நெசவில் மறுபக்கம் நழுவிவிடுகிறது. அடியில் மெல்லிய மல் துணி வைத்தால் நிற்குமா, அல்லது பிறகு மூன்றடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடும்போது ஊசி இறங்கச் சிரமப்படுமா? (இஸ்திரி போட்டு ஒட்டும் கான்வாஸ் வேண்டாம், அந்த விறைப்பு குயில்ட்டுக்குப் பொருந்தாது.) செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.