பாங்காக் கான்டோ: நில அலுவலகக் கவுன்டரில் மாட்டியவை, பகிருங்கள்

சிலோம்வாசி

பாங்காக்ல பிரகனோங் நில அலுவலகத்துல, ஒரு கான்டோ (அடுக்குமாடி வீடு) பதிவு அன்னிக்குப் பார்த்தது. விற்கிறவர், அவரோட பேங்க் ஆள், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் வந்தாச்சு, காசோலையும் ரெடி. கவுன்டர்ல இருந்த அம்மா எஃப்இடி படிவத்தையும் (வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு பேங்க் தர்ற சான்று) பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேனா முனையை எழுத்து எழுத்தா நகர்த்திட்டே வந்தாங்க. படிவத்துல "எஸ் முருகன்". பாஸ்போர்ட்ல "முருகன் சுப்பிரமணியன்". பேனா "எஸ்"ல நின்னுது. அன்னிக்குப் பதிவு இல்லை.

நம்ம இனிஷியல் அங்க யாருக்கும் புரியாது. சென்னையில பேங்க் கணக்கு திறந்தப்போ என்ன பெயர் கொடுத்தோமோ அதுவே ஸ்விஃப்ட் செய்தியில (பேங்குக்கு பேங்க் போற பணத் தகவல்) போகும், அதைப் பார்த்துத்தான் தாய்லாந்து பேங்க் எஃப்இடி அடிக்கும். அப்புறம் திருத்தணும்னா அனுப்பின பேங்க் கடிதம் கொடுக்கணும், தாய் பேங்க் அதை ஏத்துக்கணும். பணம் கிளம்புறதுக்கு முன்னாடியே கணக்குப் பெயரை பாஸ்போர்ட்படி மாத்திடுங்க. காரணம் எழுதுற இடத்துல கட்டடத்தின் பெயர், வீட்டு எண், "கான்டோ வாங்க" மூணும் இருக்கணும். "குடும்பச் செலவு"ன்னு போட்டு அனுப்பி மாட்டிக்கிட்டவங்களும் உண்டு.

ராம்கி78

இதுக்கு ஏன் சார் இவ்வளவு அமர்க்களம்? பணம் அனுப்புற ஆப்ல தாய்லாந்து பாட் நாணயமாவே அனுப்பினா ரேட் நல்லா கிடைக்குது. 50,000 டாலருக்குக் கீழ பிரிச்சு அனுப்பினா எஃப்இடியே தேவையில்லை.

சிலோம்வாசி

ராம்கி, ரெண்டுமே தப்பு. வெளிநாட்டுக்காரர் தன் பேர்ல கான்டோ வாங்க, விலைக்கு ஈடான தொகை வெளிநாட்டு நாணயமாவே தாய்லாந்துக்குள்ள வந்து, அங்கதான் பாட்டா மாறணும். ஆப்காரங்க பல பேர் உள்ளூர் கணக்குல இருந்து பாட்டைப் போடுறாங்க. தாய் பேங்க் கண்ணுக்கு அது உள்ளூர் வரவு, எந்தச் சான்றும் கிடைக்காது. 50,000க்குக் கீழ வந்தா எஃப்இடிக்குப் பதிலா பேங்க் கடிதம் வேணும், அவ்வளவுதான் வித்தியாசம். பிரிச்சு அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடிதம். எல்லாத்தையும் கூட்டினா விலையைத் தொடணும், குறையக் கூடாது. அந்தச் சான்றோட அசலை வீட்டுப் பத்திரத்தோட சேர்த்து வையுங்க. நாளைக்கு வித்துட்டுப் பணத்தை வெளிய கொண்டுபோகும்போது பேங்க் முதல்ல கேட்கிறது அதுதான்.

கணக்குப்பிள்ளை

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இந்தியப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

எல்ஆர்எஸ், அதாவது இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்: அதன் வரம்பு ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். பணம் அனுப்ப பேங்கில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் காரணக் குறியீடு எஸ்0005, அதாவது வெளிநாட்டு மனை முதலீடு. பேங்கில் இருக்கும் தம்பி அவசரத்தில் உறவினர் பராமரிப்புக் குறியீட்டைப் போட்டுவிட்டால், அங்கே தாய் அதிகாரிக்கும் இங்கே வருமான வரிக்கும் இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்தது டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே பேங்க் வசூலிக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம். 1.30 கோடி அனுப்பினால் 1.20 கோடிக்கு 24 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். "24 லட்சம் போச்சு" என்று புலம்ப வேண்டாம், அது முன்கூட்டிக் கட்டிய வரி. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்தால், 2024 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி டிடிஎஸ்ஸிலேயே சரிசெய்வார்கள். ஆனால் அதுவரை கையில் ரொக்கம் வேண்டும். முன்பணம் கட்டிவிட்டு டிசிஎஸ்ஸுக்குப் பணம் புரட்ட ஓடுவதுதான் வழக்கமான கோளாறு.

மார்ச் கடைசியில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று அனுப்பினால் இரண்டு ஆண்டின் 10 லட்ச விலக்கும் கிடைக்கும். மனைவி கணக்கிலிருந்தும் அனுப்புவதாக இருந்தால் மனைவி பெயரும் பத்திரத்தில் ஏற வேண்டும், அவர் பெயரிலும் தனிச் சான்று வேண்டும்.

வீடு கைக்கு வந்தபின் ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ, அதாவது வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். விட்டுப்போனால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரை போகும். வாடகை வருகிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை.

செல்வி_ஓன்நுட்

கணக்குப்பிள்ளை ஐயா, பணம் போய்ச் சேர்ற கட்டடத்துலயே இடம் இருக்கான்னு முதல்ல பார்க்க வேண்டாமா? ஒரு கட்டடத்தோட மொத்த வீட்டுப் பரப்புல 49 சதவீதம்தான் வெளிநாட்டார் பேர்ல இருக்கலாம். 1979 கான்டோ சட்டம். பிடிஎஸ் ரயிலை ஒட்டின, நல்லா போற கட்டடங்கள்ல அந்த ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். அப்போ ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டே "லீஸ்ஹோல்ட் எடுங்க, 30+30+30, தொண்ணூறு வருஷம்"னு சொல்வாங்க. லீஸ்ஹோல்ட்னா சொந்தமில்லை, நீண்ட காலக் குத்தகை. பதிவாகிறது முதல் 30 மட்டும்தான். மீதி ரெண்டும் வெறும் வாய்ப்பேச்சுன்னே வெச்சுக்கோங்க.

முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி கட்டட நிர்வாகத்துகிட்ட வெளிநாட்டார் ஒதுக்கீட்டுல இடம் இருக்குன்னு கடிதம் எழுத்துல வாங்குங்க. பதிவு அன்னிக்குப் புதுசா ஒண்ணு, கூடவே பாக்கி இல்லைன்னு சான்று. அந்தச் சான்றைக் கேட்டு 15 நாளுக்குள்ள நிர்வாகம் தரணும்ங்கிறது சட்டம். ஆனா பொதுச் செலவுக் கட்டணம் பாக்கி இருந்தா தராது, அதுக்கு வட்டி வேற. விற்கிறவர் பாக்கியைத் தீர்க்காம பதிவு நாளைக் குறிச்சா அன்னிக்கு எல்லாரும் வாசல்ல நிக்க வேண்டியதுதான்.

ராம்கி78

சரிங்க, ஆப் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். செலவு எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்க.

பழைய_சுகும்வித்

உரிமை மாற்றும் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். பாதி பாதி என்பது வழக்கம். விற்பவர் வாங்கி ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால் குறிப்பிட்ட தொழில் வரி 3.3 சதவீதம், விற்பனை விலை, அரசு மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்கு. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அதற்குப் பதிலாக முத்திரை வரி 0.5 சதவீதம். இவை விற்பவர் தலையில் விழுவதுதான் முறை. ஒப்பந்தத்தில் "எல்லாச் செலவும் சமமாக" என்று ஒரே வரி இருக்கும், அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் 50 லட்சம் பாட் வீட்டுக்கு 1,65,000இல் பாதி, 82,500 பாட் உங்கள் தலையில். ஒவ்வொரு வரியின் பெயரையும் எழுதி, எதிரே யார் கட்டுவது என்று போடச் சொல்லுங்கள்.

வீட்டில் அடமானம் இருந்தால் காசோலை இரண்டு: ஒன்று பேங்க் பெயரில், மீதி விற்பவர் பெயரில். தொகையை பேங்க் முந்தின நாள்தான் உறுதியாகச் சொல்லும்.

இன்னொன்று, 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்குப் பிறகு உயரக் கட்டடம் பார்க்கிறவர்கள் ஹாலைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். தீ விபத்துப் படிக்கட்டில் இறங்குங்கள், அங்கே பூச்சு வேலைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. தடுப்புச் சுவரில் குறுக்கே ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சோடு முடியும். தூணிலோ, தூணும் உத்திரமும் சேரும் இடத்திலோ கம்பி தெரிகிற மாதிரி பெயர்ந்திருந்தால் மேலே பேச்சே வேண்டாம். நிர்வாகத்திடம் பொறியாளரின் ஆய்வறிக்கை கேளுங்கள்.

செல்வி_ஓன்நுட்

அண்ணா சொன்னதோட இதையும்: தினவாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டிடலாம்னு யாராவது கணக்குப் போட்டா, ஹோட்டல் உரிமம் இல்லாம 30 நாளுக்குக் குறைவா விடுறது சட்டவிரோதம். வீடு வாங்கினா விசா தானா வரும்னு ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீங்க, அது தனி விண்ணப்பம்.