மெட்டபாலிக் சிண்ட்ரோம்: மஞ்சள், கிரீன் டீ, ரெஸ்வெரட்ரால், பட்டை. எது, எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது?

வேப்பங்கொழுந்து:

ரிப்போர்ட் இது. ஆண், 46 வயது, 81 கிலோ. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. ட்ரைகிளிசரைடு 212, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36. பிபி 134/86. எஸ்ஜிபிடி (ஈரல் நொதி) 58. இரவில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. மட்டும் போகிறது.

கையில் இருப்பவை: மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோலில் இருக்கும் சேர்மம்) 250 மி.கி. இவை தவிர, கடைப் பட்டையை வீட்டில் பொடித்து காலையில் ஒரு டீஸ்பூன் வெந்நீரில். எல்லாவற்றிலும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்றுதான் போட்டிருக்கிறது. நான்கையும் சேர்த்து எடுக்கலாமா? அளவு என்ன? பெர்பெரின் பற்றியும் சொல்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கல்வம்:

முதலில் ரிப்போர்ட். ஐந்து அளவுகோலில் மூன்று தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80. மற்ற எல்லைகள்: ட்ரைகிளிசரைடு 150, பிபி 130/85, சர்க்கரை 100, எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போகக் கூடாது. இதில் ஐந்துமே தாண்டியாயிற்று. எஸ்ஜிபிடி 58 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஈரலில் கொழுப்பு இருக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுவது நல்லது. கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் அந்த 58-ஐ வைத்துத்தான்.

'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற சொல்லை டப்பாவிலிருந்து மனதளவில் கிழித்துப் போட்டுவிடுங்கள். சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கலை (செல்லைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறு) எவ்வளவு அணைக்கிறது என்பதை அளந்து 'ஓராக்' என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்க விவசாயத் துறை இந்த மதிப்பெண் பட்டியலை வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, விற்பவர்கள்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று சொல்லி 2012-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

காரணம் எளிது. குழாயில் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினை 10, 20 மைக்ரோமோலார் (செறிவின் அளவு) ஊற்றிப் பார்ப்பார்கள். வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் சுவரும் ஈரலும் அதில் குளுக்குரோனைடு என்ற ஒட்டுத் துணுக்கைக் கட்டி வெளியே அனுப்பிவிடும். ரத்தத்தில் ஒரு மைக்ரோமோலாரை எட்டுவதே பெரும்பாடு. அந்த அளவில் நேரடியாக எதையும் 'அணைக்க' முடியாது. இந்தச் சேர்மங்கள் ஏதாவது செய்தால் அது வேறு வழியில்: செல்லுக்குள் லேசான உறுத்தலாக நின்று என்ஆர்எஃப்2 என்ற சுவிட்சைத் தட்டி, செல்லே தன் சொந்தத் தற்காப்பு நொதிகளைச் செய்யவைப்பது, அல்லது குடல் பாக்டீரியாவோடு ஏதாவது வேலை பார்ப்பது. அதனால்தான் 'நிறையப் போட்டால் நிறைய நன்மை' என்ற கணக்கு இங்கே எடுபடுவதில்லை.

மஞ்சள் + மிளகு: பெங்களூரில் செய்து 1998-இல் வந்த ஆய்வைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் (மிளகின் காரச் சத்து) கொடுத்தால் உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. உண்மைதான். ஆனால் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு என்று வாசித்துக்கொள்ளுங்கள். மேலும், பைப்பரின் குர்குமினுக்காக மட்டும் கதவைத் திறப்பதில்லை. குளுக்குரோனைடு கட்டுவதையும் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியையும் தடுப்பதால் மற்ற மருந்துகளும் கூடுதலாக உள்ளே வரலாம். அடோர்வாஸ்டாடின் அந்த நொதி வழியாகத்தான் கழிகிறது.

கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்: இந்த ரிப்போர்ட்டுக்கு வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் பார்த்தது: சப்ளிமென்டாக நாளுக்கு 800 மி.கி. ஈஜிசிஜி-யும் (கிரீன் டீயின் முக்கியச் சேர்மம்) அதற்கு மேலும் போனவர்களுக்கு ஈரல் நொதிகள் ஏறுகின்றன. வெறும் வயிற்றில் விழுங்கினால் உறிஞ்சப்படுவதும் அதிகம், ஆபத்தும் அதிகம். கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் கிரீன் டீ வேறு கதை. அதைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இரும்புச் சத்தும் கெடாது.

பெர்பெரின்: நம் பக்கத்து மரமஞ்சளில் இருப்பது. இதை ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்கில் சேர்ப்பதே தப்பு. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் கை வைத்து ஏஎம்பிகே என்ற ஆற்றல் சுவிட்சை எழுப்புகிறது, ஏறக்குறைய சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் போகிற பாதை. வேளைக்கு 500 மி.கி., மூன்று வேளை சாப்பாட்டோடு என்ற அளவில் சீனாவில் சிறிய ஆய்வுகளில் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இறங்கியிருக்கின்றன. பட்டியலில் உள்ளவற்றில் மருந்து மாதிரி வேலை செய்வது இதுதான். அதனாலேயே மருந்து மாதிரி நடத்த வேண்டும்: வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் வரும், இதுவும் சிஒய்பி3ஏ4-ஐத் தடுக்கும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஸ்டாடினோடு டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டு, ஸ்டாடின் ரத்தத்தில் ஏறித் தொடை வலிக்கிறது என்று வந்து கேட்காதீர்கள்.

சுருள்பட்டை:

லேபிளை வாசிப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். 'மஞ்சள் 500 மி.கி.' என்றால் வெறும் மஞ்சள் தூள். அதில் குர்குமின் சுமார் 3 சதவீதம், ஆக 15 மி.கி. '95% குர்குமினாய்டு எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி.' என்றால் 475 மி.கி. முன்பக்கம் இரண்டிலும் ஒரே 500தான் பெரிதாகத் தெரியும். பின்பக்கம் திருப்பி சதவீதத்தைத் தேடுங்கள், சதவீதமே போடவில்லை என்றால் தூள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பரின் 20 மி.கி.க்குத் தனி மாத்திரை தேவையில்லை. மிளகில் அது சுமார் 5 சதவீதம், அதாவது எட்டு, பத்து மிளகு. ரசத்தில் இருக்கிறது.

பட்டைதான் எனக்குக் கவலை. தமிழ்நாட்டில் மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கேசியா வகைதான் கொடுப்பார்கள். தடித்த ஒற்றைத் தோல், மரம் மாதிரி கெட்டி, விரலால் ஒடிக்க முடியாது. இலங்கைக் கறுவா காகிதம் போன்ற மெல்லிய தோல்கள் பல சேர்ந்து சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும், விரலில் நொறுங்கும். வித்தியாசம் மணத்தில் மட்டுமில்லை. கேசியாவில் கூமரின் என்ற, ஈரலைப் பாதிக்கக்கூடிய பொருள் உண்டு, கிராமுக்கு சராசரியாக 3 மி.கி. வரை. கறுவாவில் அது பேருக்குத்தான் இருக்கும். தினமும் தொடர்ந்து எடுக்கக்கூடிய கூமரின் எல்லை, கிலோ எடைக்கு 0.1 மி.கி. 81 கிலோவுக்கு 8 மி.கி. ஒரு டீஸ்பூன் பொடி இரண்டரை கிராமுக்கு மேல் நிற்கும், கூமரின் ஏறக்குறைய 8. அதாவது எல்லையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் எஸ்ஜிபிடி 58-ஐ வைத்துக்கொண்டு.

இன்னொன்று. சிறுநீரகக் கல் வந்த ஆள் என்றால் மஞ்சள் தூளைக் கிராம் கணக்கில் விழுங்கக் கூடாது. மஞ்சளில் உள்ள, கல்லாக மாறக்கூடிய ஆக்சலேட் நன்றாகக் கரைந்து சிறுநீரில் ஏறும். குழம்பில் போடுகிற கால் டீஸ்பூனுக்கு இது பொருந்தாது.

வேப்பங்கொழுந்து:

நன்றி. இரண்டு சந்தேகம். தாய்லாந்து ஆய்வில் குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட சர்க்கரை நோய் வரவில்லை என்கிறார்களே? அப்புறம், ரெஸ்வெரட்ராலை காலை நடைப்பயிற்சிக்கு முன்னால் எடுப்பதா பின்னாலா?

கல்வம்:

தாய்லாந்து ஆய்வு 2012-இல் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேர், 9 மாதம், நாளுக்கு 1,500 மி.கி. குர்குமினாய்டு. மருந்தில்லாத வெறும் காப்ஸ்யூல் எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது, குர்குமின் பக்கம் பூஜ்யம். ஒழுங்காகச் செய்த ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே இடத்தில் செய்தது. எந்த மருந்தும் பூஜ்யம் காட்டாத இடத்தில் ஒன்று காட்டினால் இன்னொருவரும் செய்து காட்டட்டும் என்று காத்திருப்பதுதான் முறை. மற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது சின்ன இறக்கம்.

ஒப்பிட வேண்டுமென்றால் சென்னையிலிருந்து 2006-இல் வந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எடுங்கள். 531 பேர். உணவு, நடை மட்டும் மாற்றியவர்களுக்கு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மினுக்கு 26.4, இரண்டும் சேர்த்தால் 28.2. சேர்த்ததில் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. மஞ்சள் சப்ளிமென்டால் ஈரல் பாதித்த 10 பேரை அமெரிக்காவில் தொகுத்து 2022-இல் வெளியிட்டார்கள். ஏழு பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற ஒரே மரபணு வகை. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் ஒத்துக்கொள்ளாதவர்களிடமும் அதே வகைதான் அடிக்கடி தென்படுகிறது. இரண்டையும் ஒன்றாக எடுக்காதீர்கள் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ரெஸ்வெரட்ரால்: முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். கோபன்ஹேகனில் 65 வயதை ஒட்டிய ஆண்களுக்கு எட்டு வாரம் கடும் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உங்களிடம் இருக்கும் அதே 250 மி.கி. 2013-இல் வந்த முடிவு: மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் பயிற்சியின் பலன் குறைந்தது, பிபி இறங்கவில்லை. இதற்கு முன்பே 2009-இல் ஜெர்மனியில் வைட்டமின் சி 1,000 மி.கி., ஈ 400 யூனிட் கொடுத்துப் பார்த்ததிலும் இதே மாதிரி: பயிற்சியால் கூட வேண்டிய இன்சுலின் உணர்திறன் கூடவில்லை. தசை வேலை செய்யும்போது வருகிற அந்த ஆக்ஸிடேஷன் அழுத்தம்தான் 'மாறிக்கொள்' என்று செல்லுக்குப் போகும் தகவல். தகவலையே அணைத்துவிட்டு நடந்தால் கால்தான் வலிக்கும்.

கவுனிக்கஞ்சி:

சாப்பாட்டுப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். ஆந்தோசயனின் (கருநீல நிறச் சத்து) வேண்டுமென்றால் நாவல்பழம், கருப்புக் கவுனி. கவுனியில் அது தவிட்டில்தான் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு தடவை வேகமாகக் கழுவுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். அதைக் கொட்டினால் நீங்கள் தேடியதைத்தான் கொட்டுகிறீர்கள். அந்தத் தண்ணீரிலேயே வேகவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பச் சோடா போடாதீர்கள், காரத்தில் நிறம் நீலமாகத் திரும்பி ஆந்தோசயனின் சிதையும். என்னதான் கருப்பாக இருந்தாலும் அது அரிசிதான். வெந்தது ஒரு கப், வழக்கமான சோற்றுக்குப் பதிலாக. வெல்லம் போட்ட கவுனிப் பொங்கலை 'ஆன்டிஆக்ஸிடன்ட் இனிப்பு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. தேன் நெல்லிக்கும் இதே புகார்.

வெங்காயத்தில் குவெர்செட்டின் என்ற சேர்மம் வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த தோலோடு கூடவே ஒரு சதை அடுக்கையும் உரித்தெறிகிற பழக்கத்தை விடுங்கள். முருங்கைக் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடிக்காதீர்கள். வெந்தயம் நல்லதுதான், ஆனால் அது நார்ச்சத்து செய்கிற வேலை. 'சூப்பர் ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று அதற்குப் புதுப் பெயர் எதற்கு?

கல்வம்:

இதற்குப் பிறகும் மஞ்சள் எக்ஸ்ட்ராக்டைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தொடங்குமுன் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு லிப்பிட், சர்க்கரை, எச்பிஏ1சி, ஈரல் பரிசோதனை. பைப்பரின் சேர்க்காத 500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், ஒருநாளில் இரண்டு வேளை, எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு. நான்காவது வாரம் ஈரல் மட்டும். 12-ஆவது வாரம், அதே லேபில், எல்லாம். ட்ரைகிளிசரைடு எந்த மருந்தும் இல்லாமலே ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 20 சதவீதம் ஆடும்; 212 போய் 185 வந்தால் அதை மஞ்சள் கணக்கில் எழுதாதீர்கள். எஸ்ஜிபிடி ஏறினாலோ, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, அரிப்பு வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் டப்பாவோடு போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடங்கவே வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

வேப்பங்கொழுந்து:

கிரீன் டீ, ரெஸ்வெரட்ரால் இரண்டையும் ஓரம் கட்டியாயிற்று. மஞ்சள் டப்பாவின் பின்பக்கம் பார்த்தேன், சதவீதம் எதுவும் போடவில்லை. பட்டையை ஒடித்துப் பார்த்தேன். ஒடியவில்லை.

சுருள்பட்டை:

மஞ்சளை சாம்பாரில் போடுங்கள். பட்டை பிரியாணிக்கு ஆகும்.