டன்ஸ் ஈ ஏன் மறக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

உயிர்வேதியியல் படித்தவர்கள் யாராவது உதவுங்கள். எம்.எஸ்சி. வகுப்பில் பழ ஈயின் நினைவாற்றல் பற்றிப் பேச வேண்டும், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சியும் கொடுத்தால், ஈ பிறகு அந்த வாசனையை ஒதுக்கும். 1970களில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் கண்டெடுத்த டன்ஸ் என்ற மரபணுத் திரிபு ஈக்கு இந்தப் பாடம் ஏறுவதில்லை. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் நொதி அந்த ஈயில் பழுது, அதனால் சைக்ளிக் ஏஎம்பி தேங்கிவிடுகிறது. ரூட்டபேகா என்ற இன்னொரு திரிபு ஈயில் (ஈக்குக் கிழங்கின் பெயர் வைத்த குசும்பை விடுங்கள்) நேர்மாறு: சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும் நொதியான அடினைலில் சைக்ளேஸே பழுது.

ரூட்டபேகா தோற்பது புரிகிறது. காளான் உடல் (ஈ மூளையில் வாசனை நினைவு உருவாகும் பகுதி) நியூரான்களில் வாசனை கொண்டுவரும் கால்சியமும் அதிர்ச்சி கொண்டுவரும் டோபமைனும் ஒன்றுசேரும் இடமே அந்த நொதிதான். சரி, டன்ஸ் ஏன் தோற்கிறது? சைக்ளிக் ஏஎம்பி எங்கும் பரவி, எந்த சினாப்ஸ் (இரு நியூரான்கள் இணையும் இடம்) என்ற அடையாளமே அழிந்துவிடுகிறதா? இல்லை, சைக்ளிக் ஏஎம்பி தூண்டிவிடும் பிகேஏ நொதி ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் மேலே ஏற இடமில்லையா?

இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஏதாவது தெரியுமா? கட்டுரையின் பிடிஎஃப் அனுப்பினாலும் போதும். வெள்ளிக்கிழமை வகுப்பு, அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.