பின்கியர் தயங்குகிறது: 105ஐ வைத்துக்கொள்வதா, வேறு நிறுவனத்திற்கு மாறுவதா?

பொங்கோல் ஓட்டுநர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் சாலை மிதிவண்டியில் ஷிமானோ 105 ஆர்7000 வரிசையின் 11 கியர் தொகுதி, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குடன் பொருத்தப்பட்டுள்ளது. முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 30 பற்கள் வரையிலான கேசட் (பல்சக்கர அடுக்கு). சில வாரங்களாகப் பின்கியர் சரியாக மாறுவதில்லை. பெரிய பல்சக்கரத்திற்கு ஏற்றும்போது ஒரே சொடுக்கில் ஏறிவிடுகிறது. சிறியதற்கு இறக்கும்போதோ சங்கிலி ஓரிரு சுற்று தயங்கிய பிறகே விழுகிறது. அத்துடன், மிகப் பெரிய இரண்டு பல்சக்கரங்களில் மட்டும் உரசும் ஒலி கேட்கிறது. இங்கே சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்தபோது பக்கத்து மிதிவண்டி என் வண்டியின் மீது சாய்ந்ததற்குப் பிறகுதான் இந்த ஒலி தொடங்கியது.

கடையில் காட்டியபோது, 11 கியர் காலம் முடிந்துவிட்டது என்றும், முழுத் தொகுதியையும் கழற்றிவிட்டு ஸ்ராம் நிறுவனத்தின் ரைவல் ஏஎக்ஸ்எஸ் என்ற கம்பியில்லா மின்கியர் தொகுதியைப் போடுவதே நல்லது என்றும் கூறினார்கள். என் மாமா கம்பாக்னோலோ தவிர வேறெதையும் பேச விடமாட்டார். வார இறுதிகளில் மண்டாய், லிம் சூ காங் பக்கம் போவேன். எப்போதாவது மவுண்ட் ஃபேபர் ஏறுவேன். இந்த மூன்று நிறுவனங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று விவரம் அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் பழுதுபார்ப்பவர்:

தம்பி, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கோளாறைத் தேர்ந்தறியுங்கள். நீங்கள் விவரித்திருப்பவை ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டுக்கும் ஷிமானோ என்ற பெயருக்கும் தொடர்பில்லை.

பெரிய பல்சக்கரத்திற்கு ஏற்றும்போது கியர் கம்பியை இழுப்பது உங்கள் விரல். அதனால் சற்று இறுக்கமான கம்பியும் நகர்ந்துவிடும். இறக்கும்போது கம்பியைத் திரும்ப இழுத்துக்கொள்ள டிரெய்லியரின் (சங்கிலியைப் பல்சக்கரங்களுக்கு இடையே நகர்த்தும் கருவியின்) சுருள்வில் மட்டுமே இருக்கிறது. ஆகவே, ஏற்றம் எளிதாகவும் இறக்கம் தயக்கமாகவும் இருந்தால், உறைக்குள் கம்பி உராய்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் வியர்வை கைப்பிடி நாடாவின் வழியாக ஊறி, அதன் அடியில் வளைந்து செல்லும் உறைக்குள் இறங்குவது வழக்கம். சாங்கி கடலோரச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். டிரெய்லியரில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மணல் உரசுவதுபோல் இருந்தால் கம்பியையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒலி விஷயம் வேறு. சிறிய பல்சக்கரங்களில் சரியாகவும் பெரியவற்றில் மட்டும் தவறாகவும் இருந்தால், டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் உட்புறமாக வளைந்திருக்க வாய்ப்பு மிகுதி. மிதிவண்டி வலப்புறமாக இடிபட்டால் முதலில் வளைவது அதுதான். சட்டகம் முறியாமல் காப்பதற்காகவே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். ஹேங்கர் அளவுகோலை வைத்து, சக்கர விளிம்பின் நான்கு பக்கங்களிலும் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்ராமைப் போட்டாலும் அதே வளைந்த ஹேங்கரில்தானே அது தொங்கப் போகிறது?

ஈசூன் காலைப்பயணி:

பழுதுபார்ப்பவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஒப்பீட்டைப் பற்றியதும் ஆகும். ரைவல் ஏஎக்ஸ்எஸ் பயன்படுத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கம்பியே இல்லாததால், மேலே கூறப்பட்ட உராய்வு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. வலக்கைப் பொத்தான் கியரைக் கனமாக்கும், இடக்கைப் பொத்தான் இலேசாக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்கியர் மாறும். முன், பின் டிரெய்லியர்களின் பேட்டரிகள் ஒரே வகை. வழியில் பின்பேட்டரி தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டி வீடு வந்து சேரலாம்.

கியர் வீச்சையும் பாருங்கள். உங்களுடைய 50/11 தரும் விகிதம் ஏறத்தாழ 4.55, 34/30 தருவது 1.13. முன்னால் 48/35, பின்னால் 10-36 போட்டால் மேல்முனையில் 4.8ம் கீழ்முனையில் 0.97ம் கிடைக்கின்றன. மேல்முனையில் வேகமும் கீழ்முனையில் ஏற்றத்திற்கான இலேசும் கூடுதல்.

தெம்பனிஸ் பழுதுபார்ப்பவர்:

கணக்கு சரி. ஆனால் புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான், 0.97ஐ இங்கே எந்த ஏற்றத்தில் செலவழிப்பது? பத்துப் பல் சக்கரத்திற்கும் ஒரு விலை உண்டு. அது எக்ஸ்டிஆர் (XDR) என்ற ஃப்ரீஹப்பில், அதாவது பின்சக்கர மையத்தில் கேசட் ஏறும் பகுதியில், மட்டுமே பொருந்தும். தம்பியின் சக்கரத்தில் இருப்பது ஷிமானோவின் எச்ஜி வகை. சக்கர நிறுவனம் மாற்று ஃப்ரீஹப் விற்றால் அதை வாங்க வேண்டும். விற்காவிட்டால் சக்கரமே புதிதாக வேண்டும். ஷிமானோவின் 12 கியர் சாலை கேசட்டுகள் பழைய 11 கியர் ஃப்ரீஹப்பிலேயே ஏறும் என்பதை ஒப்பிடும்போது பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரேக்கும் அப்படித்தான். ஷிமானோவும் கம்பாக்னோலோவும் கனிம எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ஸ்ராமின் சாலை பிரேக்குகள் டாட் (DOT) வகை பிரேக் திரவத்தில் இயங்குகின்றன. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, சிந்தினால் வண்ணப்பூச்சையும் அரிக்கும். பிரேக் பிடிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஈரப்பதம் மிகுந்த ஊரில் திரவத்தைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். இரண்டு திரவங்களையும் கலக்கவே கூடாது. ரப்பர் வளையங்கள் பாழாகும். ஷிஃப்டரை (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றியை) மட்டும் ஒரு நிறுவனத்திலும் டிரெய்லியரை மற்றொன்றிலும் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு சொடுக்கிற்குக் கம்பி நகரும் அளவு வேறு என்பதால் அதுவும் ஆகாது. 11 கியர் கேசட்டும் சங்கிலியும் மட்டும் ஷிமானோ, ஸ்ராம் இரண்டிலும் மாற்றிப் போட்டாலும் ஓடும்.

மின்கியரே வேண்டுமென்றால் 2022இல் வந்த 105 டிஐ2 இருக்கிறது. அதில் ஷிஃப்டர்கள் கம்பியில்லாதவை. இரண்டு டிரெய்லியர்களும் இருக்கைத் தண்டுக்குள் உள்ள ஒரே பேட்டரியுடன் கம்பியால் இணைந்திருக்கும். மின்னேற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. ஸ்ராமைப்போல் வழியில் பேட்டரியை மாற்றிப் போட முடியாது என்பது அதன் குறை.

கிராஞ்சி பெரியவர்:

மாமாவின் சார்பில் ஒரு சொல். கம்பாக்னோலோ 1933இல் விச்சென்சாவில் தொடங்கிய நிறுவனம். அதன் கட்டைவிரல் விசை தரும் தெளிவு மற்ற இரண்டிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏற்றுவதற்கு ஒரு விசை, இறக்குவதற்கு வேறு விசை. களைத்த நிலையிலும் விரல் குழம்பாது. ஆயினும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், தம்பி. அதற்கும் தனி ஃப்ரீஹப் வேண்டும். அதன் உதிரி பாகங்களை நான் தேவைப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வேன். ஷிமானோவோ 1973 முதலே சிங்கப்பூரில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. அதன் பிரேக் பட்டைக்காக யாரும் அலைந்து நான் பார்த்ததில்லை.

பொங்கோல் ஓட்டுநர்:

அனைவருக்கும் நன்றி. வேறொரு கடையில் ஹேங்கரை அளந்தபோது மேலுக்கும் கீழுக்கும் ஏழு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது, நிமிர்த்திவிட்டார்கள். கைப்பிடி நாடாவைப் பிரித்ததும் உறையின் முனையில் துரு தெரிந்தது. கம்பியும் உறையும் புதிதாகப் போட்ட பிறகு இறக்கத்தில் தயக்கம் இல்லை, ஒலியும் இல்லை. கூலியுடன் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது. இப்போதைக்கு 105 அப்படியே இருக்கட்டும். ஓர் ஐயம் மட்டும் மிச்சம்: பழைய சங்கிலியையே தொடரலாமா?

தெம்பனிஸ் பழுதுபார்ப்பவர்:

சங்கிலி அளவுகோலில் 0.5 விழுக்காட்டுத் தேய்மானம் காட்டினால் சங்கிலியை மட்டும் மாற்றுங்கள், கேசட் தப்பிக்கும். அதைத் தாண்டி ஓட்டியிருந்தால், புதுச் சங்கிலி நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பல்சக்கரத்தில் மிதிக்கும்போது வழுக்கும். அப்போது கேசட்டும் சேர்ந்தே போக வேண்டும். நிமிர்த்திய ஹேங்கர் முன்னைவிட எளிதில் வளையும் என்பதால், உங்கள் சட்டகத்திற்குரிய ஹேங்கர் ஒன்றை மாதிரி எண்ணைப் பார்த்து இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.