டைம்ல தோத்த செஸ் இன்ஜின் (தானா செஸ் ஆடுற புரோகிராம்): பார்த்ததைப் போடுங்க

காட்பாடிக்காரன்:
என் இன்ஜின் ஆடினது 10 செகண்ட் + 0.1 போட்டி: மொத்தம் 10 செகண்ட், ஒவ்வொரு மூவுக்கும் 0.1 செகண்ட் (100 மில்லிசெகண்ட்) கூடக் கிடைக்கும், அதான் இன்கிரிமென்ட். வெள்ளைக்கு ஒரு யானை அதிகம், மதிப்பு +7 (ஏழு சிப்பாய் அளவு சாதகம்). தொண்ணூறாவது மூவ் பக்கம் கடிகாரத்துல 104 மில்லிசெகண்ட். இன்ஜின் 105 எடுத்துச்சு. அவ்ளோதான், ஆட்டம் காலி.
ஃபார்முலா எல்லாரும் போடுறதுதான்: மிச்ச நேரத்தை 20-ஆல வகுத்து, இன்கிரிமென்ட்டை முழுசா கூட்டு. 104-ஐ வகுத்தா 5, கூட்டினா 105. ஆனா அந்த 100 மில்லி மூவ் போட்டப்புறம்தான் கணக்குல ஏறும். பாலாத்துல தண்ணி வரும்னு நம்பி இன்னைக்கே நாத்து விட்ட கதை. 40 மூவ்ல முடியுற ஆட்டத்துல இந்தக் கோளாறு வெளியவே வராது, அதான் வயித்தெரிச்சல்.

குடியாத்தம்:
இங்க வேற மாதிரி. நாலு கோர் மிஷின்ல எட்டு ஆட்டம் ஒண்ணா ஓடுது. இன்ஜின் எழுதி வைக்கிற லாக்ல ஒரு மூவுக்கு 900 மில்லின்னு இருக்கு, போட்டி நடத்துற புரோகிராம் 2400-னு சொல்லி தோல்வி போட்டுடுச்சு. ரெண்டும் பொய் சொல்லல. கோடுல சி மொழியோட கிளாக் ஃபங்ஷன் இருந்துச்சு. லினக்ஸ்ல அது சிபியு நமக்காக வேலை செஞ்ச நேரத்தை எண்ணும், சுவர்க் கடிகாரத்தை இல்ல. சிபியு கிடைக்காம காத்துக்கிட்டு நின்ன நேரம் கணக்குலயே வராது. அதே கோடை நாலு த்ரெட்ல (ஒரே நேரத்துல நாலு பங்கா) ஓட்டினா தலைகீழ்: நாலோட நேரமும் சேர்ந்து ஏறும், கால்வாசி நேரத்துலயே மூவ் போட்டுடும். விண்டோஸ்ல நிஜ நேரமே வர்றதால அங்க தப்பு தெரியல. அதுக்குப் பதிலா நிஜ நேரத்தை அளக்குற ஸ்டெடி கிளாக் போட்டதும் சரி.

சத்துவாச்சாரி:
காட்பாடி சார், ஃபார்முலாவைத் திட்டி இன்னா பிரயோஜனம்? அதுக்கு மேல ஒரு மூடி இல்லாததுதான் தப்பு. எந்தக் கணக்கு எதைச் சொன்னாலும் "மிச்ச நேரம் கழித்தல் ஓவர்ஹெட்" தாண்டக் கூடாது. ஓவர்ஹெட்னா மூவ் போய்ச் சேர ஆகுற தாமதத்துக்கு ஒதுக்கி வைக்கிற நேரம். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின்ல மூவ் ஓவர்ஹெட் இயல்பா 10 மில்லி. ஒரே மிஷின்ல ஆடுறதுக்கு ஓகே, நெட் வழியா ஆடினா பத்தாது.
அப்புறம் நேரத்துக்கு சாஃப்ட், ஹார்ட்னு ரெண்டு வரம்பு வைங்க. சாஃப்ட் தாண்டினா அடுத்த ஆழத்தை (இன்னும் ஒரு மூவ் முன்னாடி தேடுறதை) ஆரம்பிக்காதே. ஹார்ட் தாண்டினா நடுவுலயே நிறுத்து. பாதித் தேடலோட மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுட்டு, கடைசியா முழுசா முடிஞ்ச ஆழத்தோட மூவைக் கொடு. இதுவரைக்கும் சிறந்ததுன்னு வச்சிருந்த மூவோட மதிப்பு திடீர்னு சரிஞ்சா மட்டும் சாஃப்ட்டைத் தளர்த்தலாம். ஹார்ட்டை எப்பவும் தொடாதீங்க.
2048 நோடுக்கு (தேடல்ல பாக்குற நிலைகளுக்கு) ஒருமுறை கடிகாரம் பாக்குற பழக்கத்தையும் கண்ண மூடிக்கிட்டுக் காப்பி அடிக்கக் கூடாது. செகண்டுக்கு 10 லட்சம் நோடு ஓடினா அது 2 மில்லி. பைத்தான்ல எழுதி 20,000 நோடு ஓடினா 100 மில்லிக்கு மேல, அதாவது ஒரு இன்கிரிமென்ட்டே போச்சு.
இன்ஜின் போட்டி நடத்துற கியூட்செஸ்ல டைம் மார்ஜின் (நேரம் தாண்டினாலும் விட்டுக்கொடுக்குற மில்லிசெகண்ட்) 1000-னு போட்டு இதையெல்லாம் மறைக்கிறவங்களப் பாத்தா கோவம்தான் வருது. மனுஷன் ஆடி நேரம் தீர்ந்தா உலக செஸ் சங்கமான ஃபிடேயோட விதி விடுமா? எதிராளியால எந்த வழியிலயும் மேட் பண்ணவே முடியாத நிலைன்னா டிரா, இல்லன்னா தோல்வி.

ஆற்காடு:
எல்லா டெஸ்டுக்கும் கடிகாரத்துல இவ்ளோ ஸ்ட்ரிக்ட் வேணாம். கத்திரி வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும். காலையில ஓட்டின டெஸ்டும் மதியம் ஓட்டினதும் ஒத்துப் போகாது. மதிப்பீட்டை (நிலைக்கு மதிப்பெண் போடுற கோடை) மட்டும் ஒப்பிடணும்னா நோடு எண்ணிக்கையை நிலையா வச்சு ஓட்டுங்க.

காட்பாடிக்காரன்:
அண்ணே, புது மதிப்பீடு ரெண்டு மடங்கு மெதுவா இருந்தாலும் நோடு டெஸ்ட்ல பாஸ் ஆயிடுமே. கடைசி டெஸ்ட் கடிகாரத்தோடதான், மார்ஜின் பூஜ்யம்.

ராணிப்பேட்டை:
இங்க நேரக் கணக்குல ஒரு தப்பும் இல்ல. 200 மில்லியில பெஸ்ட்மூவ் (இன்ஜின் தன் மூவைச் சொல்ற வரி) வந்ததா லாக்ல இருக்கு, ஆனாலும் முதல் மூவ்லயே டைம்ல தோல்வி. டெர்மினல்ல கையால ஓட்டினா கச்சிதமா பதில் வருது. காரணம் அங்க வரிக்கு வரி வெளிய தள்ளும், போட்டி புரோகிராமோட இணைக்கிற பைப்ல, பஃபர் (எழுத்தைச் சேத்து வைக்கிற இடம்) நிறையுற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கும். உள்ள இருக்குறதை உடனே வெளிய தள்ளுற ஒரு எஃப்ஃபிளஷ் போதும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு ராத்திரி.